ஆளில்லாமல் ஓடும் ஒலிபரப்பு நிலையங்கள்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் வானொலி டிரான்ஸ்மிட்டர்களோடு புழங்குகிறவன் நான். சமுதாய வானொலி நடத்தும் கல்லூரிக்காரர்கள், பண்பலை நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், கோபுரத்துக்கு இடம் கொடுத்த தோட்டக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

ஏனுங்க, ஆளே இல்லாம ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடுமுங்களா?

ஓடும். வானொலியில் இது பழைய சங்கதிதான். அமெரிக்காவில் 10 கிலோவாட் வரையுள்ள பல நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்கிக்கொள்ளலாம் என்று 1953லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்கேயும் யாரும் பார்த்துக்கொண்டிருக்காமல் நிலையம் தானே ஓடுவதற்கு 1995ல்தான் அனுமதி வந்தது. நடுவில் 40 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இரண்டும் வேறு வேறு வேலை என்பதுதான் காரணம்.

முதல் வகையில், டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. ஆனால் ஸ்டூடியோவில் ஒருவர் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்க்கிறார், தேவைப்பட்டால் பொத்தானை அமுக்குகிறார். இரண்டாம் வகையில் அவரும் இல்லை. ஏதாவது கெட்டால் இயந்திரமே ஒருவருடைய போனுக்குச் செய்தி அனுப்புகிறது. ஒரே நிலையம் பகலில் முதல் வகையாகவும், ராத்திரி ஸ்டூடியோவைப் பூட்டிய பிறகு இரண்டாம் வகையாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டாம் வகைக்கு வேண்டிய ஏற்பாடு எல்லாமே அங்கே இருந்தாக வேண்டும்.

முன்னெல்லாம் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் இருந்தாங்களே, அவங்க என்னதான் பண்ணுனாங்க?

வால்வு என்ற வெற்றிடக் குழாய்களில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் காலத்தில் வேலை நிறையவே இருந்தது. வால்வுக்குள் இருக்கும் ஃபிலமென்ட் கம்பி சூடாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். வெப்பம் மாறினால் டியூனிங் நகரும்; திருகிச் சரிசெய்ய வேண்டும். மணிக்கொரு தரம் மீட்டர்களைப் படித்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். வால்வுக்கு வயதானால் மாற்ற வேண்டும். அந்த ஆட்கள் இல்லாமல் அந்த இயந்திரம் ஓடியிருக்காது.

இப்போதைய டிரான்ஸ்மிட்டரில் பல சின்ன டிரான்சிஸ்டர் மாட்யூல்கள் சேர்ந்து பவர் தருகின்றன. 8 மாட்யூலில் ஒன்று செத்தாலும் ஒலிபரப்பு நிற்காது. எட்டில் ஏழு, அதற்கு வர்க்கம். சுமார் 77 சதவீதம் பவர் வெளியே போகும். ஏழு மாட்யூல் நன்றாக இருக்கும்போது 87 சதவீதம் வர வேண்டாமா என்று கேட்பார்கள். மீதிப் பவர், மாட்யூல்களைச் சேர்க்கும் இடத்திலுள்ள தடையில் சூடாகப் போய்விடுகிறது. கேட்கிறவர் காதுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நாலு நாள் கழித்துப் போய் மாற்றினாலும் போதும். ஆளில்லாமல் விடலாம் என்ற தைரியம் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததுதான்.

நம் நாட்டில் தூர்தர்ஷன் இதில் நல்ல பாடம். 1984ஐ ஒட்டி ஊர் ஊராகக் குறைந்த சக்தி டிவி டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன. செயற்கைக்கோளிலிருந்து வரும் நிகழ்ச்சியை டிஷ்ஷில் வாங்கி அப்படியே ஒலி ஒளி பரப்பின. அவற்றுக்கென்று பராமரிப்பு மையங்கள் இருந்தன. ஒரு மையத்துக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் பல நிலையங்களைப் போய்ப் பார்த்து வந்தார்கள். 2022க்குள் அந்த அனலாக் நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் ஒரு குழு பல நிலையம் என்ற அந்த முறையைத்தான் இன்று பண்பலையிலும் பின்பற்றுகிறோம்.

தோட்டத்து மோட்டாரைப் போன்ல போடற மாதிரிதானே இதுவும்?

நல்ல ஒப்பீடு. நம் பக்கத்தில் போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் தெரியாத தோட்டக்காரர் குறைவு. நம்பரைக் கூப்பிட்டால் மோட்டார் ஓடுகிறது, ஓடுகிறது என்று பதிலும் வருகிறது. ஆனால் அந்தப் பெட்டியில் முக்கியமான பகுதி எது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்துவது உங்கள் போன் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் ரிலே. கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்துவதும் அதுதான். உங்களிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று இருந்தால், சிக்னல் கிடைப்பதற்குள் மோட்டார் காயில் கருகிவிடும்.

டிரான்ஸ்மிட்டர் நிலையத்துக்கும் இதையேதான் எல்லோரிடமும் சொல்கிறேன். காத்திருக்க முடியாத முடிவு எதுவாக இருந்தாலும் அதை நிலையமே எடுக்க வேண்டும். தொலைவில் இருப்பவருக்குத் தகவல் போக வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் எந்த இடி டிரான்ஸ்மிட்டரைக் கெடுக்கிறதோ அதே இடிதான் ரவுட்டரையும் கெடுக்கும். உங்களுக்கு லிங்க் (நிலையத்தோடு உங்களை இணைக்கும் வழி) மிகவும் தேவைப்படும் நேரத்தில் லிங்க் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் அமைக்க வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

கரண்ட் போனா என்ன ஆகும்? யாரு போய் ஜெனரேட்டர் போடறது?

யாரும் போக வேண்டாம். ஏ.எம்.எஃப். பேனல் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போனதும் சில விநாடி பொறுத்து, ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து, லோடை மாற்றிக் கொடுக்கும். கரண்ட் திரும்பி, கொஞ்ச நேரம் நிலையாக இருந்த பிறகு பழையபடி மாற்றும். நடுவில் வரும் இடைவெளியை யு.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். பெரிய டிரான்ஸ்மிட்டரை முழுக்க யு.பி.எஸ்ஸில் ஓட்ட முடியாவிட்டாலும், எக்சைட்டரும் (ஒலியை ஏற்றி முதல் சிக்னலை உண்டாக்கும் பகுதி) ஒலி வாங்கும் கருவியும் கண்காணிப்புப் பெட்டியும் கண்டிப்பாக அதில் இருக்க வேண்டும். சமுதாய வானொலி மாதிரி 50 வாட் டிரான்ஸ்மிட்டர் என்றால் மொத்த லோடே சில நூறு வாட்தான். நல்ல இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும்.

ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் இல்லை, அதன் ஸ்டார்ட்டிங் பேட்டரி. வாரம் ஒருமுறை தானாக ஸ்டார்ட் ஆகி, லோடோடு கால் மணி நேரம் ஓடும்படி வைத்துவிட்டால், பேட்டரி வீக் ஆவது முன்கூட்டியே தெரிந்துவிடும். லோடு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது சோதனையில் சேராது. மூன்று முறை முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேனல் நிறுத்திக்கொண்டு அலாரம் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் சுற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரி முழுக்க இறங்கிவிடும்.

டீசல் கணக்கை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை வைத்துப் போடுங்கள். காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முக்கால் லோடில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். 8 மணி நேரத்துக்கு 24 லிட்டர். அப்படி இரண்டு நாளுக்காவது டேங்கில் இருக்க வேண்டும். அளவு குறைந்தால் போனுக்குச் செய்தி வர வேண்டும்.

கோபுரம் தோட்டத்துக்குள்ளதானே இருக்குது, மோட்டார் லைன்லயே இழுத்துக்கலாமா?

வேண்டவே வேண்டாம். விவசாயத்துக்கு என்று கொடுக்கும் மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. தவிர, அந்த லைனில் மும்முனை மின்சாரம் நேரம் பார்த்துத்தான் வரும். தனி இணைப்பு வாங்குங்கள், கூடவே ஃபேஸ் போனாலோ வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ துண்டிக்கும் ரிலேயும் வையுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் நல்லா ஓடுது, ஆனா சத்தமே வரலை. அதை யாரு கண்டுபிடிப்பாங்க?

ஒலி இல்லாததைக் கவனிக்கும் கருவி ஒன்று உண்டு. ஒலி ஒரு அளவுக்குக் கீழே 20, 30 விநாடி தொடர்ந்து இருந்தால், ஸ்டூடியோ லைனை விட்டுவிட்டு மாற்று வழிக்குத் தாவும். அந்த மாற்று வழி இரண்டாவது லைனாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டர் அறையிலேயே வைத்திருக்கும் பிளேயர். அதில் என்ன வைப்பது என்பதற்கும் யோசனை வேண்டும். தேதி, நேரம், விளம்பரம், வாழ்த்து எதுவும் வேண்டாம். பொங்கல் வாழ்த்து ஆடி மாதத்தில் போனால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நிலையத்தின் மேல் வைத்த நம்பிக்கையும் போகும். நிலையப் பெயரும், எந்த நாளுக்கும் பொருந்தும் இசையும் போதும்.

எவ்வளவு விநாடி என்பதை உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுத் தீர்மானியுங்கள். ஆலாபனை மெல்ல இறங்கும் இடத்தையும், நாடகத்தின் மௌனத்தையும், இரண்டு நிமிட மௌன அஞ்சலியையும் கருவி பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அஞ்சலி போன்ற நேரத்தில் ஸ்டூடியோவிலிருந்து அதை நிறுத்தி வைக்க வழி இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இரைச்சல். ஸ்டூடியோவிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் ரேடியோ லிங்க்கில் சிக்னல் போனால் சில கருவிகள் அமைதியாகிவிடாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சலைத் தரும். ஒலி அளவை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது நல்ல சத்தமாகத்தான் தெரியும். அதனால் லிங்க் ரிசீவரின் சிக்னல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி வயரிங் செய்ய வேண்டும்.

மெசேஜ் எதுவும் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படி நினைப்பதுதான் மிகவும் ஆபத்தானது. கண்காணிப்புப் பெட்டியே செத்திருக்கலாம். சிம் கார்டில் ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். இதற்காகத்தான் நிலையம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது வராமல் போனால் இந்தப் பக்கத்திலுள்ள கம்ப்யூட்டர் அலாரம் அடிக்க வேண்டும். அலாரம் கொடுக்கும் பொறுப்பைக் கெட்டுப்போகக்கூடிய இடத்தில் மட்டும் வைத்தால் அர்த்தமே இல்லை.

இரண்டு சிம் போட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே செல்போன் கோபுரத்திலிருந்து வந்தால், அந்தக் கோபுரத்தில் கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று ஃபைபர், ஒன்று செல்போன் என்று பாதை வேறாக இருப்பதுதான் உண்மையான இரட்டை வழி. அதோடு, டிரான்ஸ்மிட்டர் சொல்வதை மட்டும் நம்பாமல், ஸ்டூடியோவில் ஒரு சாதாரண ரேடியோ எப்போதும் காற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மழை பெஞ்சா பவர் குறையுது, வெயில் அடிச்சா சரியாகுது. ஏனுங்க இப்படி?

கோபுரத்துக்குப் போகும் கேபிளிலோ ஆன்டெனாவிலோ தண்ணீர் இறங்குகிறது. போகும் பவரில் ஒரு பகுதி திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ள பவரைக் குறைக்கும். திரும்பி வருவதை வி.எஸ்.டபிள்யூ.ஆர். என்ற கணக்கில் சொல்வார்கள். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, 2 என்றால் சுமார் 11 சதவீதம். ஆளில்லாத நிலையத்தில் இந்த எண்ணை அப்போதைக்குப் பார்த்தால் போதாது, மாதக்கணக்கில் வரைபடமாகச் சேமிக்க வேண்டும். 1.1ல் இருந்தது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் ஏறி 1.3 ஆனால், அலாரம் அடிக்கும் முன்பே ஆளை அனுப்பலாம். பெரிய கேபிள்களில் உலர்ந்த காற்றை அழுத்தத்தோடு அடைத்து வைப்பார்கள். அந்த அழுத்தம் இறங்குவதும் நல்ல முன்னறிவிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. திரும்பும் பவர் அதிகமாகி டிரான்ஸ்மிட்டர் நின்றால், தானாக மூன்று தரம் முயன்று பார்க்கும், அப்புறம் பூட்டிக்கொள்ளும். தொலைவில் இருப்பவர் ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால், மேலே கனெக்டர் எரிந்துகொண்டிருக்கும். நேரில் பார்ப்பவருக்குப் புகை வாசம் தெரியும், போனில் தெரியாது. ஒருமுறை ரீசெட் செய்து மறுபடி விழுந்தால், மாற்று ஆன்டெனா இருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் நிறுத்திவிட்டு ஆளை அனுப்புங்கள்.

இடி மின்னலுக்கு என்ன பண்றது? நம்ம ஊர்ல கோடை மழைன்னாலே பயமா இருக்குது.

சித்திரை, வைகாசியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை என்று நமக்கு இரண்டு இடிப் பருவம். நல்ல எர்த் இருந்தால் இடி விழுந்தும் நிலையம் தப்பும். நம் பக்கத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறையும் சுக்கானும்தான். ஒரே குழி எடுத்துக் கம்பி இறக்கினால் போதாது. கட்டடத்தையும் கோபுரத்தையும் சுற்றிச் செம்புப் பட்டையோ துத்தநாகம் பூசிய பட்டையோ ஓட்டி, பல குழிகளை அதோடு இணைக்க வேண்டும். கரியும் உப்பும் போடும் பழைய முறையிலும் சரி, பென்டோனைட் என்ற களிமண் போடும் முறையிலும் சரி, 1 ஓம்முக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். அளப்பதை மழைக்காலத்தில் செய்யாதீர்கள், எல்லா எர்த்தும் அப்போது நன்றாகத்தான் காட்டும். பங்குனி கடைசியில், மண் காய்ந்து வெடித்திருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

அதைவிட முக்கியமானது, கோபுர எர்த், மின்சார எர்த், லிங்க் கருவியின் எர்த் எல்லாம் ஒன்றாக இணைந்திருப்பது. தனித்தனியாக விட்டால் இடி விழும்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அது போக வழி தேடி உங்கள் டிரான்ஸ்மிட்டருக்குள் புகும். கேபிள்கள் எல்லாம் சுவரின் ஒரே இடத்தில் உள்ளே வரட்டும், அந்த இடத்திலேயே எர்த் ஆகட்டும். ஸ்டூடியோ லைன் ஃபைபராக இருந்தால் அந்த வழியில் இடி வராது. ஆனால் சில ஃபைபர் கேபிளில் உள்ளே இரும்புக் கம்பி ஓடும், அதை வாசலிலேயே துண்டித்து எர்த் செய்ய வேண்டும்.

உள்ளே ஏசி ஓடுது, கதவு பூட்டியிருக்குது. அப்புறம் என்ன கெடப் போகுது?

சூடும் தூசியும் பூச்சியும். 5 கிலோவாட் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், 70 சதவீதத் திறன் என்றால், சுமார் 7 கிலோவாட் எடுத்துக்கொண்டு 2 கிலோவாட்டுக்கு மேல் அறைக்குள் சூடாக விடும். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் என்பதால் கணக்குப்படி ஒன்று போதும். ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடிச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வேண்டும். வீட்டு ஏசி வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுகிறதா, இல்லை யாராவது ரிமோட்டை அமுக்கும்வரை சும்மா இருக்கிறதா? சும்மா இருக்கும் ஏசியால் நிலையம் சூடேறி நிற்பது அடிக்கடி நடக்கிறது.

தூசி ஊருக்கு ஊர் மாறும். பல்லடம், சோமனூர் பக்கம் தறியும் மில்லும் இருப்பதால் பஞ்சுத் தூசி ஃபில்டரில் மெத்தை மாதிரி படியும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தூசி. புத்தகத்தில் மூன்று மாதம் என்று போட்டிருந்தால் இங்கே அது ஒரு மாதம்கூட வராது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் காற்றழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சார் விலை அதிகமில்லை. பல்லி காண்டாக்டருக்குள் புகுந்து செத்துக் கிடப்பது மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இங்கேயும் அதேதான். குளவி காற்றுத் துளையில் கூடு கட்டும், எலி கேபிள் கடிக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கேபிள் நுழையும் ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

ஆளில்லைன்னா திருட்டுப் போகாதா? ஒரு வாட்ச்மேனாவது வேணுமில்லீங்களா?

டீசல், பேட்டரி, செம்புக் கம்பி மூன்றுக்கும்தான் குறி. கேமராவும் கதவு சென்சாரும் வையுங்கள். ஆனால் என் அனுபவத்தில் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்காரர் செய்யும் காவலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு சாவி அவரிடம் இருக்கட்டும், மாதம் ஒரு தொகை மரியாதையாகக் கொடுங்கள், அவருடைய போன் நம்பர் உங்கள் சுவரில் எழுதியிருக்கட்டும். 'அண்ணா, ஜெனரேட்டர் சத்தம் கேக்குதுங்களா?' என்று கேட்டு அவர் சொல்லும் பதில், பல சென்சார்கள் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கும். அவரிடம் கேட்கக் கூடாததும் உண்டு. உள்ளே போய் எந்தப் பேனலையும் திறக்கச் சொல்லக் கூடாது. பார்ப்பதும் கேட்பதும் சொல்வதும் மட்டும் அவர் வேலை.

நான் உள்ளே வேலை செய்யும்போது ஸ்டூடியோவிலிருந்து யாராவது ஆன் பண்ணிட்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை மனசாரப் பாராட்டினேன். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரிலும் 'லோக்கல், ரிமோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அதை லோக்கலில் போடுவது. அதன் பிறகு தொலைவிலிருந்து வரும் எந்தக் கட்டளையும் எடுபடக் கூடாது. இதைச் செய்ய வேண்டியது அந்தச் சுவிட்சின் வயரிங். ஒரு சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடுத்து மெயின் ஐசொலேட்டரை (மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வையுங்கள். ஜெனரேட்டரையும் ஆட்டோவிலிருந்து எடுங்கள். நீங்கள் மெயினை இறக்கியதைக் கரண்ட் கட் என்று நினைத்து அது கிளம்பிவிடும். வேலை முடிந்து நீங்கள் கிளம்பும்போது எல்லாவற்றையும் திரும்ப ரிமோட்டுக்கும் ஆட்டோவுக்கும் மாற்ற வேண்டும். மறக்காமலிருக்க, லோக்கலில் இருப்பது ஸ்டூடியோத் திரையில் தெரிய வேண்டும்.

பல ஊர்களில் தனியார் பண்பலை நிலையங்கள் ஒரே கோபுரத்தையும் ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே மேலே ஏற வேண்டுமென்றால் உங்கள் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அணைத்தால் போதாது. எல்லா நிலையத்துக்கும் சொல்லி, எல்லோரும் அணைத்த பிறகே ஏற வேண்டும். மத்திய அலை நிலையத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 300 மீட்டர். அலை இவ்வளவு நீளம் என்பதால் மத்திய அலையில் பொதுவாகக் கோபுரமே ஆன்டெனாவாக, பீங்கான் மேல் நிற்கும். தரையில் நின்று தொட்டால் கை கருகும். அதைச் சுற்றியுள்ள வேலி உடைந்தால் அது அவசர அலாரமாக வர வேண்டும். ஆள் இருந்த காலத்தில் மேய வரும் ஆடுகளையும் பின்னால் வரும் பிள்ளைகளையும் துரத்த ஒருவர் இருந்தார். இப்போது வேலிதான் இருக்கிறது.

எந்த நிலையத்துக்கும் தனியாகப் போகாதீர்கள். யாரும் இல்லாத இடத்தில் ஷாக் அடித்தால் பார்க்க ஆள் இருக்காது.

சட்டப்படி யாரு பொறுப்பு? ஆளில்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமா?

முடியாது. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சமுதாய வானொலிக்குப் பொதுவாக வீச்சுச் சக்தி (ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்த கணக்கு) 100 வாட், ஆன்டெனா உயரம் 30 மீட்டர் என்று வரம்பு இருக்கிறது; ஒலிபரப்பியதை மூன்று மாதம் சேமித்து வைக்கவும் வேண்டும். தொலைவிலிருந்து பவரை ஏற்ற முடியும் என்றால், வரம்பைத் தாண்டாதபடி டிரான்ஸ்மிட்டரிலேயே பூட்டிவிடுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் தலையிட வேண்டும் என்பதற்கு அமெரிக்க விதி நல்ல அளவுகோல். உயிருக்கு ஆபத்து, அல்லது மற்ற நிலையங்களுக்குப் பெரிய இடையூறு என்றால் 3 நிமிடத்துக்குள் நிறுத்த வேண்டும். மற்றக் கோளாறுகள் பலவற்றுக்கு 3 மணி நேரம். நம் நிலையத்திலும் அப்படி நிறுத்த முடியுமா என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். லிங்க் செத்திருக்கும்போதும் 3 நிமிடத்தில் நிற்க வேண்டுமென்றால், அதிர்வெண் நகர்ந்தாலோ பவர் தாறுமாறானாலோ நிறுத்தும் ரிலே அங்கேயே இருந்தாக வேண்டும். கோபுர உச்சியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் அது எடுக்கும் கரண்ட்டை அளந்து கண்காணியுங்கள். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் நமக்கு அருகில்தான்.

பாஸ்வேர்டு வச்சிருக்கோம், போதாதுங்களா?

2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு டிவி நிலையத்தின் அவசர எச்சரிக்கைக் கருவிக்குள் யாரோ புகுந்து, செத்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார்கள் என்று ஒலிபரப்பிவிட்டார்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் இன்டர்நெட்டில் திறந்து வைத்ததுதான் காரணம். அதனால் டிரான்ஸ்மிட்டரின் திரையை நேரடியாக இன்டர்நெட்டில் விடாதீர்கள். வி.பி.என். என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக மட்டும் திறங்கள். ஆளுக்கொரு கணக்கு வையுங்கள், வேலையை விட்டுப் போனவர் கணக்கை அன்றைக்கே மூடுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் கட்டளை அனுப்பும் பெட்டி என்றால், குறிப்பிட்ட நம்பர்களுக்கு மட்டும் அது கீழ்ப்படிய வேண்டும்.

திரையில 'எல்லாம் ஓகே'ன்னு வருது, ஆனா பொள்ளாச்சியில கேக்கலைன்னு போன் வருதே. எது நிஜம்?

பெரும்பாலும் போன்தான் நிஜம். டிரான்ஸ்மிட்டர் தன் வாயிலில் எவ்வளவு பவர் போகிறது என்பதை மட்டும் சொல்லும். நாலு அடுக்கு ஆன்டெனாவில் ஒன்று ஆடிக் காற்றில் திரும்பிக்கொண்டாலும் திரும்பி வரும் பவர் பெரிதாக மாறாமல் இருக்கலாம்; ஒரு பக்கத்துக்குப் போகும் சக்தி மட்டும் குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்களில் ஆவணி பிறந்ததும் ஆன்டெனாவைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். தூரத்து ஊர்களில் நம்பிக்கையான நேயர்கள் வீட்டில் ஒரு சின்ன ரிசீவரை வைத்து, சிக்னல் அளவைத் தினமும் அனுப்பச் செய்யலாம்.

அதே சமயம் எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். பண்பலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். 30 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு அடிவானம் சுமார் 23 கிலோமீட்டர். 2,000 மீட்டர் மலை உச்சி என்றால் 180 கிலோமீட்டருக்கு மேல். கொடைக்கானலிலிருந்து வரும் கோடைப் பண்பலை தாராபுரம், உடுமலைப் பக்கம் தெளிவாகக் கேட்பதற்கும், கல்லூரி வானொலி அடுத்த ஊர் தாண்டாததற்கும் காரணம் இதுதான்.

இப்படியெல்லாம் வந்தா எங்க வேலை போயிருமேங்க?

ஷிப்டில் உட்கார்ந்து மீட்டர் படிக்கும் வேலை போய்விட்டது, அது திரும்பாது. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் நிர்வாகங்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஆட்களைக் குறைத்து மிச்சமாகும் பணம் முழுவதையும் லாபமாக எடுத்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டில் நிலையம் படுத்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி மாற்று டிரான்ஸ்மிட்டருக்கும், உதிரி மாட்யூலுக்கும், ஊர் ஊராகப் போகும் குழுவின் வண்டிக்கும் சம்பளத்துக்கும் போக வேண்டும். பல வருடம் அந்த அறையில் இருந்தவர்தான் குழுவுக்குத் தலைவராக இருக்கத் தகுந்தவர். ஃபேன் சத்தம் மாறுவதைக் கேட்டே பேரிங் போகிறது என்று சொல்பவர் அவர். அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க ஒரு மாதம் போதும், புதுப் பையனுக்கு அந்தக் காது வரப் பல வருடம் ஆகும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மலை மேல டிரான்ஸ்மிட்டர் நின்னுருச்சு. உடனே கிளம்பணுமா?

பல சமயம் வேண்டாம். என்ன நின்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மாட்யூல் போயிருந்தால் இரண்டாவது பதிலில் சொன்னபடி காத்திருக்கலாம். முதல் டிரான்ஸ்மிட்டர் நின்று மாற்று டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது என்றாலும் விடிந்து போகலாம். தீ, புகை, கதவு உடைப்பு, வேலி உடைப்பு ஆகியவற்றுக்கு உடனே ஆள் போக வேண்டும். அப்போதும் முதல் போன் பக்கத்து வீட்டுக்காரருக்கும், தேவைப்பட்டால் தீயணைப்பு நிலையத்துக்கும் போலீஸுக்கும்.

ஒலிபரப்பு முழுக்க நின்று, மாற்றும் இல்லை என்றால் இடத்தைப் பொறுத்தது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27. திம்பம் பாதையில் 2022 முதல் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்தப் பாதையில் போக வேண்டிய தாளவாடிப் பக்கம் ஒரு நிலையம் வைத்தால் சத்தியமங்கலத்திலிருந்து ராத்திரியில் போக முடியாது என்பதை வரைபடம் போடும் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த மாதிரி இடத்துக்கு இரண்டு டிரான்ஸ்மிட்டர், இரண்டு நாள் டீசல், மலை மேலேயே குடியிருக்கும் ஒருவரிடம் சாவி என்று மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் பணம் இல்லையென்றால் அங்கே ஆளில்லா நிலையம் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூக்கக் கலக்கத்தில், மழையில், யானை நிற்கும் வளைவுகளில் ஒருவரை வண்டி ஓட்டிப் போகச் சொல்லும் அளவுக்கு எந்த நிகழ்ச்சியும் அவசரமில்லை. காலை 6 மணிக்குப் பாதை திறந்ததும் கிளம்பச் சொல்லுங்கள், கூட இன்னொருவரையும் அனுப்புங்கள்.